4 வருஷத்துல 1,18,000 ஓடின வண்டியா, 6 வருஷத்துல 31,000 ஓடினதா?

நூலகக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். முதல் கார் வாங்கப்போறேன், செகண்ட் ஹேண்ட்தான். ரெண்டு வாரமா ரெண்டு வண்டிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர்.

ஒண்ணு சாம்பல் கலர். 2021-ல வாங்கினது, 1,18,000 கி.மீ. ஓடியிருக்கு. ஒரே ஓனர். ஆஸ்பத்திரி மெஷின்களை ஊர் ஊராப் போய் ரிப்பேர் பண்றவர். தடியா ஒரு ஃபைல் வச்சிருக்கார், வைப்பர் ரப்பர் மாத்தின பில் வரைக்கும் அதுல இருக்கு. பானெட் முன்பக்கம் பூரா கல் தெறிச்ச புள்ளிகள். ஓட்டுறவர் சீட்டோட வலது ஓரம் அமுங்கிப் போயிருக்கு.

இன்னொண்ணு வெள்ளை. 2019 வண்டி, ஆனா 31,000 கி.மீ.தான். ரிட்டயர் ஆன ஒருத்தரோடது. பக்கத்துல போய் வர மட்டும்தான் எடுப்பாராம். பின் சீட்ல பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் கிழிக்கல. உள்ளே உட்கார்ந்தா புது வண்டி வாசனை.

விலையை இப்படிச் சொல்றேன்: சாம்பல் 100-னா வெள்ளை 120. வெள்ளையை எடுத்தா என் சேமிப்பு துடைச்சுப் போயிடும். சாம்பலை எடுத்தா கையில 20 மிஞ்சும்.

என் ஓட்டம் ரொம்பக் கம்மி. வேலைக்குப் போக 6 கி.மீ., வர 6 கி.மீ. மாசத்துக்கு ஒரு தடவை அம்மா வீடு, போய் வர 280. வருஷத்துக்கு 7,000 தாண்டாது. ஆறேழு வருஷமாவது வச்சுக்கணும்.

அப்பா சொல்றார், "ஒரு லட்சம் தாண்டின வண்டியைத் தொடாதே." தம்பி சொல்றான், "வருஷத்தைப் பாரு, மீட்டரைப் பார்க்காதே." ரெண்டு பேரும் என்கிட்டதான் சண்டை போடுறாங்க. கம்மி மைலேஜுக்காக 20 பங்கு கூடக் கொடுக்கறது சரியா?

லிட்டர்கணக்கு:

தலைப்பைப் பார்க்காம நேரா கடைசி வரியைப் படிச்சுட்டேன். "கம்மி மைலேஜுக்குக் கூடக் காசு கொடுக்கணுமா"னு கேட்டதும், லிட்டருக்குக் கம்மியாக் குடுக்கற வண்டிக்கு எவன் கூடக் கொடுப்பான்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது. ஓடின கிலோமீட்டர்னே எழுதுங்க மேடம், நம்ம ஆளுங்களுக்கு மைலேஜ்னா லிட்டருக்கு எவ்வளவுங்கறதுதான்.

கேள்விக்குப் பதில்: வெள்ளை. யோசிக்கவே வேண்டாம். 87,000 கி.மீ. வித்தியாசம்!

கிரீஸ்கை:

தங்கச்சி, அவசரப்படாதீங்க. நான் 22 வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறவன். இப்போ பாதி நாள் வேலையே, மத்தவங்க வாங்கப்போற வண்டியைப் போய்ப் பார்த்துச் சொல்றதுதான். அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

மீட்டர் சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டுச்சுன்னுதான் சொல்லும். எஞ்சின் எவ்வளவு நேரம் வேலை செஞ்சுதுன்னு சொல்லாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. சாம்பல் வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில ஓடினது, சராசரி 60 கி.மீ. வேகம்னு வைங்க. 1,18,000-ஐ 60-ஆல வகுத்தா ஏறக்குறைய 1,970 மணி நேரம். வெள்ளை தெருவுக்குள்ளேயே சுத்தினது, சராசரி 18 இருந்தா அதிகம். 31,000-ஐ 18-ஆல வகுங்க, 1,720 மணி நேரம். நாலு மடங்கு வித்தியாசம்னு மீட்டர் சொல்றது எஞ்சினுக்கு ஏழுல ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்ல.

இன்னொரு கணக்கு இதைவிட மோசம். சாம்பல்காரர் ஒரு தடவை சாவியைத் திருப்பினா 90 கி.மீ. போவார்னு வச்சுக்கிட்டா, இதுவரை 1,300 ஸ்டார்ட். வெள்ளைக்காரர் ஒரு ஸ்டார்ட்டுக்கு 4 கி.மீ.னா 7,750 ஸ்டார்ட். எஞ்சின் அதிகமாத் தேயற நேரமே எண்ணெய் மேலே ஏறாம ஆறிக் கிடக்கற அந்த முதல் சில நொடியும், சூடேறாம ஓடற அந்த முதல் சில நிமிஷமும்தான்.

அந்த நாலு கிலோமீட்டர்ல என்ன நடக்குதுன்னா, ஆறின எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூடவே ஊத்தும். எரியாத பெட்ரோல்ல கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியா எண்ணெய்க்குள்ள இறங்கும். பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் உண்டாகும், அதுவும் ஆறின இரும்புல பட்டு உள்ளேயே தங்கும். எண்ணெய் நல்லாச் சூடேறினாத்தான் ரெண்டும் ஆவியாகி வெளியே போகும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் சூடாயிடுச்சுன்னு நினைக்கிறோம், அது ரேடியேட்டர் தண்ணியோட சூடு. எண்ணெய் சூடாக அதுக்கு மேலயும் நேரம் எடுக்கும். அதுக்குள்ள அவர் வீடு வந்து சேர்ந்துடுவார். சைலன்சருக்குள்ள தேங்கற தண்ணி உள்ளேயிருந்தே துருவைக் கொடுக்கும்.

மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் 26,000 ஓடின வண்டியை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தார். சிக்னல்ல நின்னா ஆயில் லைட் மினுக்குதுன்னு கொண்டுவந்தார். வால்வு கவரைக் கழட்டினேன். உள்ளே தார் ஊத்தின மாதிரி கருப்பா, விரலால வழிச்சா வழியிற பதத்துல ஒரு அடை. எஞ்சினுக்கு அடியில எண்ணெய் தேங்கற ஆயில் சம்ப்பை இறக்கினா, பம்ப் எண்ணெய் உறிஞ்சற சல்லடை பாதி அடைச்சிருக்கு. பழைய ஓனர் மேல தப்புச் சொல்ல முடியாது பாருங்க. "10,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயில்"னு யாரோ சொன்னதை அப்படியே கடைப்பிடிச்சிருக்கார். அஞ்சு வருஷத்துல ரெண்டே தடவை. புக்ல அந்த 10,000-க்குப் பக்கத்துலயே "அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது"னு போட்டிருக்கும். அந்தப் பாதி வரியை யாரும் படிக்கிறதில்ல.

எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்துல திறந்து மூட வைக்கற டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். உங்க மாடல்ல பெல்ட்டா செயினான்னு கேட்டுக்கோங்க. பெல்ட்டுன்னா கிலோமீட்டர் ஒரு கெடு, வருஷம் இன்னொரு கெடு. ரப்பர் ஓடினாலும் காயும், நின்னாலும் காயும். பல எஞ்சின்ல அது அறுந்தா பிஸ்டன் வந்து வால்வை முட்டும், தலையே போச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், வண்டி ஓடாம நின்னாலும்தான்.

சாம்பல் வண்டிக்கு நோயே இல்லையான்னா, இருக்கு. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கற கைக்குள்ள இருக்கற ரப்பர்), ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், ஒருவேளை கிளட்ச், முன் கண்ணாடி. ஆனா இதெல்லாம் சத்தம் போடற நோய். ஓட்டிப் பார்த்தாத் தெரியும், கேட்டா ஒவ்வொண்ணுக்கும் விலை சொல்லிடலாம். எஞ்சினுக்குள்ள இருக்கற அடைக்கு யாரும் முன்கூட்டி விலை சொல்ல முடியாது.

அதனால இப்படிப் பண்ணுங்க. ரெண்டு வண்டிக்கும் தனித்தனியா ஒரு தாள். அடுத்த ரெண்டு வருஷத்துல கிலோமீட்டரால வரப்போற செலவு, வயசால வரப்போற செலவு, ரெண்டையும் எழுதி, வண்டி விலையோட கூட்டுங்க. அந்தக் கூட்டுத்தொகைதான் விலை. 100, 120-ங்கறதெல்லாம் வாசல்ல தொங்கற போர்டு.

வெள்ளையைப் பார்க்கப் போறப்ப, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானெட் மேல கை வைங்க, சுட்டுச்சுன்னா இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. ஆயில் ஊத்தற மூடியைத் திருகி அடிப்பக்கம் பாருங்க, மஞ்சக் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தா அது தண்ணி கலந்த எண்ணெய். மீட்டர்ல டிரிப் ஏ, டிரிப் பி-னு இருக்கும். ஏ-வை எல்லாரும் அழிப்பாங்க, பி-யைப் பல பேர் தொடவே மாட்டாங்க. அதுல சராசரி வேகம் என்னன்னு பாருங்க. நான் மேல போட்ட கணக்கு சரியா தப்பான்னு அதுவே சொல்லிடும்.

டயர் பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சையும் எழுதிட்டு வாங்க.

கியர்பட்டவன்:

கிரீஸ்கை அண்ணன் சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கறேன். மறுபாதிக்கு நானே சாட்சி.

1,40,000 ஓடின ஆட்டோமேட்டிக் வாங்கினேன். "எல்லாம் ஹைவே கிலோமீட்டர் சார்"னு சொன்னார். பில்லும் இருந்தது. ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு எல்லாத்துக்கும் இருந்தது. ஒண்ணே ஒண்ணு இல்ல: கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின பில். கேட்டா, "அது ஆயுசுக்கும் மாத்த வேண்டாத ஆயில்"னாங்க. யாரோட ஆயுசுன்னு நான் கேட்கல. நாலாவது மாசம் ரெண்டுலேர்ந்து மூணுக்கு ஏறுறப்ப பின்னாலேர்ந்து யாரோ இடிச்ச மாதிரி ஒரு குலுக்கல். வண்டி விலையில மூணுல ஒரு பங்கு கியர்பாக்ஸுக்குப் போச்சு.

பில் இருந்தா மட்டும் போதாது, எந்த பில் இல்லைன்னு பார்க்கத் தெரியணும். எனக்குத் தெரியல. தெரியாதவங்களுக்குக் கம்மி கிலோமீட்டர் ஒரு இன்சூரன்ஸ் மாதிரிதானே? இங்க மேனுவல்ங்கறதால நான் பட்டது வராது, அது வேற விஷயம்.

கிரீஸ்கை:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. ஆட்டோமேட்டிக்கா இருந்திருந்தா நான் இவ்வளவு தைரியமாச் சாம்பலைத் தூக்கிப் பிடிச்சிருக்க மாட்டேன். கியர் ஆயிலை 60,000, 70,000-லயாவது ஒரு தடவை மாத்தின அத்தாட்சி இல்லாத பழைய ஆட்டோமேட்டிக்கை நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்கறதில்ல.

வட்டிக்கணக்கு:

எனக்கு எஞ்சின் தெரியாது. கணக்கு தெரியும்.

120-க்கும் 100-க்கும் இடையில 20. ஓட்டத்துல வித்தியாசம் 87,000. அப்போ ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் புள்ளிகூட விழல. சந்தை அந்த 87,000-க்கு ஏன் இவ்வளவு மலிவா விலை போடுது? வெள்ளைக்கு ரெண்டு வயசு கூடங்கறதால. ஆக நீங்க 20 கொடுத்து வாங்கறது கம்மி ஓட்டத்தை மட்டும் இல்ல, ரெண்டு வருஷ முதுமையையும் சேர்த்து.

யாரும் பேசாத ஒண்ணு, திரும்ப விக்கறப்ப என்ன ஆகும்? வாங்க வர்றவங்க கிலோமீட்டரைத் தனியாப் பார்க்க மாட்டாங்க, வயசோட சேர்த்துத்தான் பார்ப்பாங்க. இன்னிக்குச் சாம்பல் "நாலு வருஷத்துல இவ்வளவா!"னு முகம் சுளிக்க வைக்குது. வருஷத்துக்கு 29,500. அந்தச் சுளிப்புக்குத்தான் உங்களுக்குத் தள்ளுபடி. நீங்க 7,000 வீதம் ஆறு வருஷம் ஓட்டினா அது பத்து வயசு, 1,60,000 கி.மீ. வண்டி. வருஷத்துக்கு 16,000. யாரும் சுளிக்க மாட்டாங்க, சாதாரண வண்டி. வாங்கறப்ப கிடைச்ச தள்ளுபடியை விக்கறப்ப நீங்க திருப்பிக் கொடுக்க வேண்டியதில்ல.

வெள்ளை அப்போ பன்னிரண்டு வயசு, 73,000 கி.மீ. ஓட்டம் கம்மிதான், ஆனா பன்னிரண்டு வயசு வண்டியை வாங்க வர்றவன் "எவ்வளவு பழசு"ன்னுதான் முதல்ல கேட்பான். இன்னிக்கு நீங்க கொடுக்கற கூடுதல் காசுல பெரும்பங்கு அதுக்குள்ள கரைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

கம்மியா ஓட்டுறவங்கதான் அதிகம் ஓடின வண்டியை வாங்கணும். கேட்க ஏறுக்குமாறா இருக்கும். ஆனா அதிக ஓட்டத்துக்கான தழும்பை ஆற வைக்க அவங்களாலதான் முடியும்.

லிட்டர்கணக்கு:

வெள்ளைன்னு சொன்னவன் நான்தான், கொஞ்சம் ஆட்டம் கண்டுட்டேன். இர்வ் கார்டன்னு ஒருத்தர் 1966-ல வாங்கின வால்வோ பி1800-ஐ 30 லட்சம் மைலுக்கு மேல ஓட்டினாரே, 2013-ல அந்த எல்லையைத் தாண்டினார். கி.மீ.ல 48 லட்சம். அப்படின்னா 1,18,000 எல்லாம் தூசுதானே?

கிரீஸ்கை:

அவர் அந்த வண்டியைப் புதுசா வாங்கினவர். ஒரே ஆள் கையில, என்ன மாத்தினோம் எப்ப மாத்தினோம்னு அவருக்கே தெரியும். நாம வாங்கறது இன்னொருத்தர் கையிலேர்ந்து. அவர் ஃபைல் வச்சிருந்தா அந்த ஞாபகத்தையும் சேர்த்து வாங்கறோம், இல்லேன்னா இரும்பை மட்டும் வாங்கறோம்.

நூலகக்காரி:

அண்ணா, நேத்து வெள்ளையைப் பார்த்துட்டு வந்தேன். ராத்திரி தூங்கல, அதான் இப்பவே எழுதறேன்.

பானெட் சில்லுனு இருந்தது. டிரிப் பி-ல சராசரி வேகம் 17! நீங்க 18-னு போட்டீங்க. பெரியவர் நல்ல மனுஷர், ஆனா எதைக் கேட்டாலும் ஒரே பதில். பெல்ட் மாத்தினீங்களா? "31,000தான்மா ஓடியிருக்கு." பிரேக் ஆயில்? "31,000தாம்மா." கடைசியா ஆயில் மாத்தினது ரெண்டு வருஷம் நாலு மாசம் முன்னாடி, புக்ல சீல் இருக்கு. அதுக்கும் அதே பதில். மூடிக்கு அடியில நீங்க சொன்ன களிம்பு, கடுகு நிறத்துல, விரல்ல ஒட்டிச்சு.

தூக்கம் போனதுக்குக் காரணம் அது இல்ல. டயர். நாலுலயும் 3521. ஸ்டெப்னியில 0719, அதுல ரப்பர் முடிகள்கூட உதிரல. அப்போ 2019 வண்டிக்கு 2021 கடைசியில நாலு டயரையும் மாத்தியிருக்காங்க. அவர் கணக்குப்படி அப்போ 10,000 கி.மீ. ஓடியிருந்தாலே பெரிசு. 10,000-ல நாலு டயரும் தேயுமா? மீட்டரைத் திருப்பியிருக்காங்களா?

கியர்பட்டவன்:

ஓடுங்க. திரும்பிப் பார்க்காதீங்க.

கிரீஸ்கை:

நல்லாப் பார்த்திருக்கீங்க தங்கச்சி, 22 வருஷத்துல இதை மாதிரி எழுதிட்டு வந்த கஸ்டமர் ரொம்பக் கம்மி. ஆனா பெரியவரைத் திருடன் ஆக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. டயர்ல தேதி மட்டும் இல்ல, அளவும் இருக்கும். ஓடற டயர்ல என்ன அளவு, ஸ்டெப்னியில என்ன அளவு? ரிம் ரெண்டும் ஒரே மாதிரியா?

மீட்டர் சந்தேகம் தீரணும்னா, வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கற ஸ்கேனர் வச்சிருக்கற மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. பல வண்டியில ஓடின தூரம் டேஷ்போர்டுல மட்டும் இல்ல, மத்த கம்ப்யூட்டர்லயும் பதிஞ்சிருக்கும். திருப்பறவன் எல்லாத்தையும் திருப்ப மறந்துடுவான். இன்னொண்ணும் காட்டும்: கோளாறு கோட்களை அழிச்சதுக்கு அப்புறம் எத்தனை கி.மீ. ஓடியிருக்குன்னு. விக்கறதுக்கு முந்தின நாள் எஞ்சின் லைட்டை அணைச்சுட்டு வந்தவன் அங்கே மாட்டுவான். பேட்டரி மாத்தினாலும் சில வண்டியில அது பூஜ்யம் ஆகும், அதனால அதை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க.

நூலகக்காரி:

அண்ணா, ஸ்டெப்னி 165/80 ஆர்14, இரும்பு ரிம். ஓடற நாலும் 185/65 ஆர்15, அலாய். போன் பண்ணிக் கேட்டேன். பையன் ஆசைப்பட்டு அலாய் போட்டானாம், அப்போ டயரும் மாறிடுச்சு. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதுல 9,640 கி.மீ.னு எழுதியிருக்கு. எனக்கு வெக்கமாப் போச்சு.

கிரீஸ்கை:

வெக்கம் எதுக்கு? கேட்டதாலதானே தெரிஞ்சது. 165/80 ஆர்14-ஓட மொத்த உயரம் 620 மி.மீ., 185/65 ஆர்15-ஓடது 621-622. கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால டயர் மாத்தினதால மீட்டர் தப்பாவும் காட்டியிருக்காது. பெரிய டயரா மாட்டியிருந்தா ஓடினதைவிடக் கம்மியாக் காட்டியிருக்கும். 31,000 உண்மையான 31,000தான்.

ஆனா அந்த உண்மையான 31,000 என்ன விலை பெறும்ங்கறது வேற கேள்வி. அந்தக் களிம்புதான் பதில். குளிர் இடத்துல மூடியில மட்டும் கொஞ்சம் ஒட்டறது சாதாரணம். ரெண்டு வருஷம் நாலு மாசப் பழைய எண்ணெயோட சேர்ந்து ஒட்டினா சாதாரணம் இல்ல.

நூலகக்காரி:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

ரெண்டு தாள் போட்டேன். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் ரெண்டையும் லிஃப்ட்ல ஏத்திப் பார்த்தேன். வெள்ளைக்கு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பேட்டரி, எல்லா எண்ணெயும், சைலன்சர் பின்பகுதி. டயர் நல்ல பட்டனோட இருக்கு, ஆனா பக்கவாட்டுல மயிரிழை வெடிப்பு ஆரம்பிச்சிருக்கு. கூட்டினா 13. மொத்தம் 133. அடைக்கு எதுவும் போடல, அதுக்கு என்ன போடறதுன்னு அவருக்கும் தெரியல.

சாம்பலுக்கு டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் 92,000-லயே மாத்தின பில் இருக்கு. ஸ்கேனர்ல கோட் அழிச்சு 21,000 கி.மீ.க்கு மேல ஆகியிருந்தது. தேவைப்படறது கிளட்ச், அது ரொம்ப மேல வந்துதான் பிடிக்குது. முன்னாடி ரெண்டு லோயர் ஆர்ம் புஷ் வெடிச்சிருக்கு, லிஃப்ட்ல நின்னப்ப கம்பியால நெம்பிக் காட்டினார், வாய் திறந்த மாதிரி விரிஞ்சுது. ஒரு வீல் பேரிங் முனகுது. கூட்டினா 11.

பெரியவர்கிட்ட விலை பேசினேன். தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "31,000தான்மா ஓடியிருக்கு"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அவரும் சிரிச்சார். ஒரு புள்ளி இறங்கல.

சாம்பல்காரர் தாளைப் பார்த்துட்டு, கிளட்ச் விஷயம் எனக்கும் தெரியும்னு அவராவே 6 குறைச்சார். 94. வேலை முடிச்சு 105. நேத்து வீட்டுக்கு வந்துடுச்சு. மிச்சத்தைத் தனியா எடுத்து வச்சிருக்கேன், வட்டிக்கணக்கு சார் சொன்னபடி தொடக்கூடாதுன்னு.

அப்பா வந்து பார்த்தார். சுத்திச் சுத்தி வந்தார். ஒண்ணும் சொல்லல. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்து, "ம்"னு ஒரு சத்தம் மட்டும்.

ஒரே ஒரு குறை. ராத்திரி எதிர்ல லைட் போட்டுட்டு வண்டி வந்தா முன் கண்ணாடி முழுக்கப் பூப்பூவா வெளிச்சம் விரியுது, ஒரு நொடி ரோடே தெரியல. கல் பட்ட புள்ளிகளாலதானே? பாலிஷ் போட்டாப் போயிடும்ங்கறாங்க, போகுமா?

வட்டிக்கணக்கு:

அந்த மிச்சத்தைத் தொடக்கூடாதுன்னு நான் எங்கே சொன்னேன்? சொல்லியிருக்கணும். நல்ல யோசனை, என் பேர்லயே இருக்கட்டும்.

கிரீஸ்கை:

வாழ்த்துகள் தங்கச்சி. நீங்களும் தினமும் ஆறு கிலோமீட்டர்தான் ஓட்டப்போறீங்க, அதனால வெள்ளைக்காரர் பண்ணினதை நீங்க பண்ணிடாதீங்க. கி.மீ. ஆகலேன்னாலும் வருஷம் ஒரு தடவை ஆயில். அந்த மாசாந்திர அம்மா வீட்டுப் பயணத்தைத் தவறவிடாதீங்க, எஞ்சினுக்கும் நல்லது.

கண்ணாடியை முதல்ல உள்பக்கமாத் துடைச்சுப் பாருங்க. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயில்ல விடற ஆவி மெல்லிசாப் படிஞ்சிருக்கும், பகல்ல தெரியாது. வைப்பர் ரப்பரையும் மாத்துங்க. அப்புறமும் பூ விரிஞ்சா புள்ளிதான். பாலிஷுக்குக் காசு கொடுக்காதீங்க. அத்தனை புள்ளி ஆழத்துக்குத் தேய்ச்சா கண்ணாடி மேடு பள்ளமாகி ரோடு நெளிஞ்சு தெரியும். கண்ணாடியையே மாத்திடுங்க. 105-ல அதைச் சேர்க்க நான்தான் மறந்துட்டேன், முதல் பதில்லயே எழுதியிருந்தும்.